வன்னி மண்ணில் உலோகம் தேடும் கருவி: வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய எங்கள் பகுதியில் சில ஆண்டுகளாகப் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது மெற்றல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வரச் சொல்லலாமா, சொன்னால் எந்த வகையைச் சொல்வது என்பதே அது. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

இக்கருவிகள் மேலைநாடுகளில் பொழுதுபோக்குக்காக விற்கப்படுபவை. கடற்கரையில் தவறவிட்ட மோதிரத்தையும் பூங்காவில் விழுந்த நாணயத்தையும் தேடுவோருக்காக அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. எங்கள் மக்கள் தேடுவது வேறு. போரின் இறுதிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இடம்பெயர்ந்து செல்லும் வழியில், கையில் கொண்டுபோக முடியாததைக் கிணற்றடியிலும் பதுங்குகுழியின் ஓரத்திலும் வேம்படியிலும் புதைத்துவிட்டுப் போனவர்கள் இங்கு ஏராளம். திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு வைத்திருந்த மரம் இல்லை, கிணற்றுக்கட்டு இல்லை, சில காணிகளில் நிலமட்டமே மாறியிருந்தது. ஆகவே ஒரு கருவியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சிறப்பம்சங்களை அமெரிக்கப் பூங்காவுக்கு உரிய பொருளில் வாசிப்பதும் எங்கள் வளவுக்கு உரிய பொருளில் வாசிப்பதும் ஒன்றாகாது.

முதலில் கருவி இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியிலுள்ள தட்டினுள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம், பாய்ந்து மாறும் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. அப்புலம் உலோகம் ஒன்றைச் சந்தித்தால் உலோகத்தினுள் சிறிய சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை மற்றைய சுருள் உணர்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிவந்த அலைக்கும் இடையிலுள்ள அவத்தை வேறுபாடு (ஒன்று மற்றதற்குப் பின்தங்கும் அளவு) உலோகத்தின் வகை, பருமன், வடிவம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். அந்த வேறுபாட்டைத்தான் கருவி ஓர் எண்ணாகவோ ஒலியாகவோ எமக்குக் காட்டுகிறது. திரையில் தோன்றும் எண்ணைப் பார்த்துவிட்டு ‘கருவி தங்கத்தைக் கண்டுவிட்டது’ என்று எவரும் சொல்லக்கூடாது. கருவி அறிவது அவத்தை வேறுபாட்டை மட்டுமே.

விலை குறைந்த கருவிகளில் எங்கள் பகுதியில் அடிக்கடி பெயர் கேட்கப்படுபவை சில உள்ளன. பவுன்டி ஹன்டர் ட்ரக்கர் 4 அவற்றுள் எளிமையானது. 6.6 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் (அலை ஒரு செக்கனில் மாறும் தடவைகளின் அளவு) இயங்குகிறது, 8 அங்குலத் தட்டு உடையது, திரைக்குப் பதிலாக ஊசி முள் கொண்டது, 9 வோல்ற்று பற்றரிகள் இரண்டு வேண்டும். கரெட் ஏஸ் 300 என்பது 8 கிலோஹேர்ட்ஸில் இயங்குகிறது. 7 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்ட நீள்வட்டத் தட்டும், 0 முதல் 99 வரையான இலக்க எண்ணைக் காட்டும் திரையும், பொருளின் நேர்மேல் புள்ளியைக் குறிக்கும் பொத்தானும் அதில் உண்டு. சாதாரண டபிள் ஏ பற்றரிகள் நான்கு போதும். நொக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் துருக்கியில் தயாரிக்கப்பட்டு 2019இல் சந்தைக்கு வந்தது. 12 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் இதன் பற்றரி உள்ளேயே பொருத்தப்பட்டு மின்னேற்றப்படுவது. முழுக் கருவியும் 3 மீற்றர் ஆழம் வரை நீருக்குள் தாங்கும். அதே ஆண்டில் வந்த அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் மைன்லாப் வான்குவிஷ் 340 பல மீடிறன்களை ஒரே வேளையில் அனுப்புவது. ஆயின் அதில் நீர் தாங்குவது தட்டு மட்டுமே, அதுவும் ஒரு மீற்றர் வரை. ட்ரக்கர் 4 சுமார் நூறு அமெரிக்க டொலரில் தொடங்க, ஏனையவை இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்டவையாக இருந்தன. எங்கள் ரூபாவில் எதுவும் மலிவு என்று சொல்லத்தக்கதன்று.

இவற்றை ஒப்பிடும்போது மக்கள் முதலில் கேட்பது ஆழத்தைத்தான். நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். சிறிய பொருள் ஒன்றிலிருந்து திரும்பி வரும் சைகை, தூரத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது தூரம் இருமடங்கானால் சைகை அறுபத்துநான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இரு மடங்கு விலை கொடுத்து வாங்கும் கருவியும் இரு மடங்கு ஆழத்தைக் காட்டுவதில்லை. நாணயம் ஒன்றை ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகக் காட்டினால் அது இந்த விலைக்கு நல்ல கருவி. இரண்டு மூன்று அடி ஆழத்தில் நகை காட்டும் என்று எவராவது சொன்னால், பெரிய தகரப் பெட்டியையும் சிறிய மோதிரத்தையும் ஒன்றாக்கிப் பேசுகிறார் என்று பொருள்.

எங்கள் மண்ணுக்கு முக்கியமானது மண்சமன் வசதி. வன்னியின் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு நிறைந்துள்ளது. புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கமாக நீளும் கரையோரத்தில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல் கிடக்கிறது. கடற்கரையிலும் நந்திக்கடல் ஓரத்திலும் உப்புநீர் ஊறிய மண் தானே மின்னைக் கடத்துகிறது. மண்ணே சைகை தரும் இத்தகைய இடங்களில் கருவி ஓயாது முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலை மண்ணுடையது என்று அறிந்து கழித்துவிடும் ஏற்பாடுதான் மண்சமன். ஏஸ் 300 போன்றவற்றில் இது தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டுவிடுகிறது, பாவிப்பவர் மாற்ற முடியாது. சிம்ப்ளெக்ஸில் தட்டை மண்ணுக்கு மேலே ஏற்றி இறக்கி அந்த இடத்துக்கு ஏற்பச் சமன்செய்துகொள்ளலாம். பல மீடிறன் கருவி ஈரமான உப்பு மணலில் ஏனையவற்றிலும் அமைதியாக நடந்துகொள்கிறது. விசுவமடுச் செம்மண்ணுக்கும் முல்லைத்தீவுக் கரைக்கும் ஒரே கருவி வாங்குவதானால் நிலையான மண்சமன் உடைய கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட கருவி ஏற்கெனவே கையில் இருந்தால், உணர்திறனைக் குறைத்து வைத்துத் தேடுவதே வழி. ஆழம் சிறிது குறையும், பொய்ச் சைகைகள் அதைவிட அதிகமாகக் குறையும்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். எல்லாக் கருவிகளிலும் ‘வேறுபடுத்தல்’ என்று ஒரு வசதி உண்டு. இரும்புக்கு உரிய எண்கள் வந்தால் கருவி மௌனமாக இருந்துவிடும். நாணயத்துக்கும் நகைக்கும் உரிய எண்கள் வந்தால் மட்டும் ஒலிக்கும். ‘நகை’, ‘நாணயம்’ என்று பெயரிட்ட முறைகளை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். ஆணியையும் கம்பித் துண்டையும் தோண்டித் தோண்டிச் சலித்தவர்களுக்கு இது பெரிய வசதி. வன்னியிலோ இதே வசதி மூன்று வகையில் ஏமாற்றுகிறது.

முதலாவது, எங்கள் நிலத்தில் கிடக்கும் துப்பாக்கி ரவைக் கோதுகளில் பல பித்தளை. செப்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை நாணயத்தைப் போலவே தெளிந்த ஒலியையும் நல்ல எண்ணையும் தரும். ஆகவே ‘நல்ல சைகை’ என்று கருவி சொல்லும் இடத்திலேயே வெடிக்காத ரவையும் இருக்கக்கூடும். இருபத்திரண்டு கரற்று மோதிரமும் குளிர்பான ரின்னை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையமும் எண்ணளவில் நெருங்கியே நிற்கின்றன. ரவையையும் காப்பையும் பிரித்துச் சொல்லும் கருவி இந்த விலையில் இல்லை, இதைவிடப் பல மடங்கு விலையிலும் இல்லை.

இரண்டாவது, எங்கள் மக்கள் நகையை வெறுமனே மண்ணில் போட்டுப் புதைக்கவில்லை. பிஸ்கட் தகரத்தில், பால்மாப் பேணியில், எவர்சில்வர் சம்புடத்தில் வைத்துப் புதைத்தார்கள். தகரமும் பேணியும் இரும்பு. ‘நகை’ முறையில் வைத்துத் தேடினால் பேணியின் எண்ணைக் கண்டு கருவி மௌனமாகிவிடலாம், அல்லது பெரிய இரும்புக்குரிய தடுமாற்றமான எண் ஒன்றைக் காட்டலாம். பக்கத்தில் துருப்பிடித்த ஆணிகள் கிடந்தாலும் அவற்றின் சைகை உள்ளே இருப்பதன் சைகையை மூடிவிடும். ஆகையால் வேறுபடுத்தலை முற்றாக நீக்கி ‘எல்லா உலோகமும்’ என்ற முறையிலேயே தேட வேண்டும். அந்த முறை இல்லாத கருவியை வாங்கவே கூடாது. எங்கள் நாணயங்களிலும் இதே சிக்கல் உண்டு. 2005 தொடக்கம் சில ஆண்டுகள் வெளிவந்த ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபா நாணயங்கள் உருக்கின் மேல் பூச்சிட்டவை. அமெரிக்க நாணயங்களை வைத்து அளவுகுறித்த திரையில் அவற்றுக்கு ஒழுங்கான இடம் இல்லை.

மூன்றாவது, நகையின் வடிவம். காப்பு மூடிய வளையம். சுழல் மின்னோட்டம் அதைச் சுற்றித் தடையின்றி ஓடுவதால் சைகை உரத்து வரும். சங்கிலியோ சிறுசிறு வளையங்கள் கோத்தது. கருவிக்கு அது ஒரு பெரிய பொருளாகத் தெரியாமல் பல மிகச் சிறிய பொருள்களாகவே தெரியும். எட்டுப் பவுண் சங்கிலியைவிட ஒரு பவுண் மோதிரம் தெளிவாக ஒலிப்பதைக் கண்டு பலர் வியப்படைகிறார்கள். தாலிக்கொடியைத் தேடுவோர் இதை மனதில் வைத்து மிக மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி தட்டை நகர்த்த வேண்டும். மீடிறன் கூடிய கருவி இத்தகைய சிறிய பொருள்களைச் சற்று நன்றாக உணரும் என்பதால், இதற்கு மட்டும் 12 கிலோஹேர்ட்ஸ் கருவி 6.6 கிலோஹேர்ட்ஸ் கருவியிலும் மேலானது.

என் அயலில் உள்ள மூதாட்டி ஒருவரின் காணியில் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர் 2009 ஜனவரியில் இரண்டு சோடிக் காப்பையும் தாலிக்கொடியையும் பிஸ்கட் தகரமொன்றில் இட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மருமகன் வெளிநாட்டிலிருந்து கருவியொன்றைக் கொண்டு வந்திருந்தான் என்று கேள்விப்பட்டு, “மாஸ்ரர், ஒருக்கால் பாத்துத் தாங்கோ” என்று வந்து நின்றார். அந்தக் காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டது என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பின்னரே நாங்கள் இறங்கினோம். மருமகன் கருவியை ‘நகை’ முறையில் வைத்தான். மூன்றாவதாக ஒலித்த இடத்தில் மண்ணை மெல்ல விலக்கியபோது பச்சை பூத்த பித்தளை தெரிந்தது. கோது என்று நினைத்தோம். தலையோடு கூடிய ரவைகள் கொத்தாகக் கிடந்தன. அப்படியே விட்டுவிட்டு வெளியேறி, கிராம அலுவலர் மூலம் பொலிஸாருக்கு அறிவித்தோம். உரிய பிரிவினர் வந்து அவற்றை எடுத்துச் சென்று, இடத்தைப் பார்வையிட்டுத் தொடரலாம் என்று சொன்ன பிறகு, இம்முறை ‘எல்லா உலோகமும்’ என்று வைத்துத் தேடினோம். முன்பு இரண்டு முறை மேலே நடந்து சென்ற இடத்திலேயே அந்தத் தகரத்தின் மூடி கிடைத்தது. நகை முறையில் கருவி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூடியைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. அவ்விடத்தில் மண் இயந்திரம் ஓடியிருந்தது.

காணி விடுவிக்கப்பட்டது என்றால் குறித்த ஆழம் வரை தேடப்பட்டது என்பதே பொருள் என்பதை அன்றுதான் நாங்கள் உண்மையாக உணர்ந்தோம். விடுவிக்கப்படாத காணியைப் பற்றியோ நான் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறேன். பொழுதுபோக்குக் கருவி எதுவும் மிதிவெடியைக் கண்டறியும் கருவி அன்று. மைன்லாப் என்ற பெயரைக் கேட்டு இது மிதிவெடிக் கருவி என்று நினைத்தவரை நான் சந்தித்திருக்கிறேன். அந்த நிறுவனம் மிதிவெடி அகற்றுவோருக்கான கருவிகளையும் செய்கிறது என்பது உண்மை. வான்குவிஷ் அவற்றில் ஒன்றன்று. இங்கு பதிக்கப்பட்ட மிதிவெடிகளில் பி4 போன்றவையும், அதைத் தழுவிச் செய்யப்பட்ட ரங்கன் 99ம் பிளாஸ்ரிக் உடல் கொண்டவை. ஜொனி 95 மரப்பெட்டியில் அடைத்தது. அவற்றினுள் இருக்கும் உலோகம் மிகச் சிறிது. அந்தச் சிறிய உலோகத்தையும் ஆணியென்று ஒதுக்கி மௌனமாகும்படிதான் வேறுபடுத்தல் வசதி செய்யப்பட்டுள்ளது. மிதிவெடி அகற்றுவோர் எந்தச் சைகையையும் ஒதுக்குவதில்லை. ஆணியானாலும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டியே பார்க்கிறார்கள். உலோகத் துண்டுகள் மிகுந்த இடங்களில் கருவியை நம்பாமல் விறாண்டி கொண்டு மண்ணையே படிப்படியாக வாரி எடுக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப், இராணுவத்தின் மனிதநேயப் பிரிவு ஆகிய மிதிவெடி அகற்றும் அமைப்புகள் இன்னும் இப்பணியில் இருப்பதற்குக் காரணம் அந்த வேலை அவ்வளவு மெதுவானது என்பதே. 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த எங்கள் நாட்டுக்கு அதை முடிக்க 2028 வரை காலம் குறிக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்காக வெயிலில் இருந்து செய்யும் அந்த வேலையை, முந்நூறு டொலர்க் கருவியோடு ஒரு பிற்பகலில் செய்துவிடலாம் என்று எந்த இளைஞனும் எண்ணிவிடக்கூடாது.

சட்டத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளைக் கண்டெடுக்கும் நோக்கில் அனுமதிப்பத்திரம் இன்றித் தோண்டுவது குற்றம். தோண்டுபவருடைய சொந்தக் காணியாக இருந்தாலும் குற்றமே. நிலத்தின் கீழ் கண்டறியப்படாது கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. 1815 மார்ச் 2க்கு முந்தியவை இச்சட்டத்துக்குள் வருகின்றன. மாந்தைப் பழந்துறையும் கட்டுக்கரைக் குளத்தின் சுற்றுப்புறமும் உள்ள எங்கள் நிலத்தில் இது வெறும் எழுத்துச் சட்டமன்று. யாழ்ப்பாண அரசர் காலத்து, சேது என்று பொறித்த செப்புக்காசு ஒன்று எந்த மண்படையில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. பிடுங்கி எடுத்துக் கழுவி வைத்த காசு எங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர விரும்புவோர் சுங்கத்திடமும் பொலிஸாரிடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கொண்டுவர வேண்டும்.

‘நூறு மீற்றருக்கு அப்பால் தங்கம் இருக்கும் திசையைக் காட்டும்’ என்று சொல்லி விற்கப்படும் நீட்டிய கம்பிக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றுக்கு எந்த விஞ்ஞான அடிப்படையும் இல்லை. ஏடிஈ 651 என்ற பெயரில் இப்படியொரு வெற்றுக் கருவியை வெடிகுண்டு கண்டறியும் கருவியென்று ஈராக்கிற்கு விற்ற பிரித்தானியர் 2013இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதன் மூலம் கோல்ஃப் பந்து தேடப் பயன்படும் என்று விற்கப்பட்ட விளையாட்டுப் பொருள். அதே வகைக் கம்பிகளுக்கு எங்கள் மக்கள் நகையை அடகு வைத்துப் பணம் கொடுப்பதை நான் பார்த்துவிட்டேன்.

தங்களிடம் இரு வேண்டுகோள்கள் உண்டு. உலோகம் தேடும் கருவிகளுக்கான விளம்பரங்களை ஏற்கும்போது, ‘இது மிதிவெடியைக் கண்டறியும் கருவி அன்று, விடுவிக்கப்படாத காணியில் பாவிக்க வேண்டாம்’ என்ற வாசகத்தைத் தமிழில், விலை எழுதப்படும் அதே அளவு எழுத்தில் இடுமாறு விற்பனையாளரைக் கேளுங்கள். அடுத்ததாக, 2009இல் தம் வளவில் நகை புதைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால், பயிற்சி பெற்ற மிதிவெடி அகற்றுவோர் ஒருவரின் முன்னிலையில், எழுத்துப் பதிவோடு அந்த இடத்தைத் தேடித்தர ஓர் ஒழுங்கை மாவட்டச் செயலகங்கள் ஏற்படுத்த வேண்டும் என்பதைத் தங்கள் ஆசிரியர் தலையங்கம் ஒன்றில் எழுப்புங்கள். கருவியும் கைதேர்ந்தவர்களும் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மிதிவெடிப் பணி முடிந்து அவர்கள் கலைந்து போவதற்கு முன்னர் இதைச் செய்ய வேண்டும். என் அயலவருக்கு இப்போது எண்பது வயதை அண்மிக்கிறது. அந்த மூடியை அவர் கழுவித் துடைத்துத் தன் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
விசுவமடு.